பூசைக்குப் பின் குறைந்த மூன்று டிகிரி

காலை ஏழு மணி ஐம்பது நிமிடம். முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் குடை. பனிமூட்டத்துக்குள் குடை மட்டும் தனியாக மேடேறி வருவது போலிருந்தது. பிறகு முழங்கால் வரை சுருட்டிவிட்ட கால்சட்டை. அதற்குப் பின்னால், கயிறு போட்டுக் கட்டிய நீளமான மரப்பெட்டியைத் தலையில் சுமந்து ஒரு கூலியாள். ஆடி மாத மழை நான்கு நாட்களாக விட்டிருக்கவில்லை. நான் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நின்று பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். சீவி முடித்த பென்சிலையே மறுபடியும் சீவிக்கொண்டிருந்தது, குடை மடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வந்தவர் வானிலை இலாகாவின் ஆய்வாளர். அவர் வருவார் என்ற கடிதம் கிடைத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இன்று இடுக்கி மாவட்டம் என்கிறார்கள், அன்று ஹைரேஞ்ச். தமிழ்நாட்டு எல்லையிலிருந்து நடந்தே ஏறிவிடக்கூடிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் இரண்டாவது கிளார்க். பிரட்டுப் புத்தகத்தில் அன்றன்று வேலைக்கு வந்த ஆள் கணக்கு எழுதுவது என் வேலை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு வேலை, ஆபீசுக்குப் பின்னால் மேட்டில் நான்கு காலில் நின்ற வெள்ளைப் பெட்டி. அதன் பக்கங்கள் சாய்வுப் பலகைகளால் ஆனவை. காற்று போகும், வெயில் போகாது. உள்ளே வெப்பமானிகள். தினமும் காலை எட்டு மணிக்கு அவற்றைப் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும், அன்றெல்லாம் பாரன்ஹீட் கணக்கு. மாத முடிவில் நகல் எடுத்து இலாகாவுக்கு அனுப்ப வேண்டும்.

இரவின் மிகக் குறைந்த வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி படுத்த வாக்கில் கிடக்கும். அதன் குழாய்க்குள் சிவப்புச் சாராயம், சாராயத்துக்குள் ஒரு சிறு கறுப்புக் குச்சி. குளிர் ஏற ஏறச் சாராயம் சுருங்கிக் குச்சியை இழுத்துக்கொண்டு போகும். விடிந்து சூடு ஏறினால் சாராயம் மட்டும் திரும்பி வரும். குச்சி நின்ற இடத்தில் நிற்கும். அந்த இடம்தான் இரவின் குளிர். அதை எழுதிவிட்டு, குழாயைச் சாய்த்துக் குச்சியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது அது காட்டும் எண்ணும் பக்கத்து வெப்பமானியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதை எழுதவும் ஒரு பத்தி உண்டு.

இலாகாவின் கடிதம் ஐந்து வரி. சென்ற குளிர்காலத்திலிருந்து எங்கள் நிலையத்தின் இரவு வெப்பம் பக்கத்து நிலையத்தைவிட மூன்று டிகிரி அளவுக்குக் குறைந்து வருகிறது, காரணம் அறிய ஆய்வாளர் வருவார், அவருடைய அறிக்கையின் நகல் தோட்ட நிர்வாகத்துக்கு அனுப்பப்படும். தோட்டத்து மானேஜர் துரை என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

காரணம் எனக்குத் தெரியும்.

முந்தைய ஆண்டு அக்டோபரில் ஆயுத பூசை. பாக்டரியில் இயந்திரங்களுக்கும், ஆபீசில் கவாத்துக் கத்தி, கொழுந்துத் தராசு, டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் பூசை. எங்கள் ஆபீஸ் பியூன் திருநெல்வேலிச் சீமைக்காரர், ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் திருநீறு அழியாதவர். சாயங்காலம் அவர் வந்து கேட்டார்.

"தெர்மாமீட்டரும் ஆயுதந்தான ஐயா. அத வச்சுதான நீங்களும் சோறு திங்கிய. எல்லாத்துக்கும் பொட்டு வச்சிட்டு அத மட்டும் வெளிய விட்டா குத்தம்லா?"

பெட்டியிலிருந்து கருவியை எடுக்கக் கூடாது என்பது விதி. விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. எனக்கு மணமாகி முதல் ஆயுத பூசை அது. குற்றம் என்ற சொல் என்னை அசைத்தது. நானே எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதைக் கத்திகளுக்கு நடுவில் சுவரில் சாய்த்து நிறுத்தினார். வெப்பமானியின் ஒரு முனையில் உருண்டையான குமிழ் இருக்கும். அவர் கண்ணுக்கு அது தலை. தலை மேலே இருந்தால்தானே நெற்றியில் பொட்டு வைக்க முடியும்? குமிழை மேலே வைத்து நிறுத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்தார். எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது.

மறுநாள் விஜயதசமி. கங்காணி வந்து தேங்காய் உடைக்கும்வரை எதையும் தொடக் கூடாது. அவர் வரும்போது மணி பத்து. எட்டு மணிக்கு எழுத வேண்டிய இடத்தில், முந்தைய நாளின் ஐம்பத்தாறையே எழுதியிருந்தேன். பூசை முடிந்ததும் வெப்பமானியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அதற்கு அடுத்த நாள் காலை ஐம்பத்து மூன்று. குச்சியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பார்த்தபோது பக்கத்து வெப்பமானியைவிட மூன்று குறைவாக இருந்தது. மறுபடி சாய்த்துப் பார்த்தேன். அதே மூன்று. சரிபார்க்கும் பத்தியில் பக்கத்து வெப்பமானியின் எண்ணை எழுதி மூடினேன். ஒன்பது மாதம் அப்படியே எழுதினேன்.

தோட்டத்தில் வேலை போவது என்றால் வீடும் போவது. இருபத்து நான்கு மணி நேரத்தில் தோட்டம் கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். முந்தைய மழைக்காலத்தில் ஸ்டோர் கிளார்க் ஒருவரை அப்படி அனுப்பினார்கள். கட்டிலும் ஆட்டுக்கல்லும் ரோட்டோரத்தில் நனைந்துகொண்டிருக்க, அவர் மனைவி ஒரு சாக்கைத் தலையில் போட்டு லாரிக்குக் காத்திருந்ததை ஆபீஸ் ஜன்னலிலிருந்து எல்லோரும் பார்த்தோம். யாரும் வெளியே போகவில்லை. நானும் போகவில்லை. இப்போது என் வீட்டில் முப்பத்தாறு நாள் குழந்தை இருந்தது.

ஆய்வாளர் டீ வேண்டாம் என்றார். நேராகப் பெட்டிக்குப் போனார். பியூன் குடை பிடிக்க, தன் மரப்பெட்டியைத் திறந்து சொந்த வெப்பமானியை எடுத்து எங்களுடையதன் பக்கத்தில் வைத்தார். கால் மணி நேரம் காத்திருந்தோம். என் காலில் அட்டை ஏறுவது தெரிந்தது, குனிந்து எடுக்கவில்லை. பிறகு அவர் பூதக்கண்ணாடியை வைத்துக் குழாயின் மறுமுனையைப் பார்த்தார். மலையாளம் கலந்த தமிழில் கூப்பிட்டார்.

"இங்ஙன வாங்கோ. இது கண்டோ? இந்த அற்றத்துல ஒரு சொட்டு தனியா ஒட்டி நிக்கிது. மூணு டிகிரி நீளம். அப்போ அத்தனையும் குறச்சுத்தான் காட்டும்."

பார்த்தேன். மயிரிழை போல ஒரு சிவப்பு.

"படுக்க வச்ச கருவியில இது தன்னால ஏறாதுன்னு சொல்ல முடியாது. கொல்லக் கணக்குல, வருஷக் கணக்குல, மெல்ல ஏறும். தலைகீழா நிறுத்தினா ஒரு ராத்திரியில ஏறும். ஆராவது எடுத்ததுண்டோ?"

நான் வாய் திறக்குமுன் பியூன் சொன்னார்.

"இத யாரு சார் எடுப்பா? எடுத்து வித்தா ஒரு கட்டு பீடிக்குக் காணாது."

ஆய்வாளர் சிரித்தார். சிரித்தபடியே பெட்டிக் கதவின் உட்புறத்தைத் தொட்டார். அங்கே மங்கிய சிவப்பில் ஒரு கறை. "அப்போ இது?"

"பொட்டு சார். ஆயுத பூசைக்கு இந்தப் பெட்டிக்கும் வச்சது. எல்லாத்துக்கும் வைப்போம்லா. டைப் மிசினுக்கு, சைக்கிளுக்கு. துரை நாய்க்குங்கூட வைக்கப் போனேன். கடிக்க வந்துட்டு."

பியூன் எதையும் மறைக்கவில்லை. தலைகீழாக நிறுத்தியதற்கும் அந்தச் சொட்டுக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெரியாது. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொல்லிவிடுவார். சொன்னால் போவது என் வேலை மட்டுமல்ல, அவருடையதும்.

"புக் எடுங்கோ" என்றார் ஆய்வாளர்.

ஆபீசில் உட்கார்ந்து அக்டோபரைப் புரட்டினார். பஞ்சாங்கம் பார்த்து ஆயுத பூசைத் தேதியைக் கண்டுபிடித்தார். ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு, ஐம்பத்து மூன்று. அவருடைய விரல் நடு எண்ணில் நின்றது.

"அன்னிக்கு காலையில நிங்கள் வாசிச்சோ?"

"வாசிச்சேன் சார்."

அவர் விரலை எடுக்கவில்லை. "இந்தக் கடைசிப் பத்தி நிங்கள் பக்கத்து எண்ணப் பாத்து பகர்த்தி எழுதினது. அது போட்டும், எல்லா ஸ்டேஷன்லயும் பகர்த்தி எழுதத்தான் செய்யிறாங்க. அதுக்காக ஆரையும் நான் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க மாட்டேன். எனக்கு ஒரு தேதி வேணும். எந்த நாள் முதல்னு தெரிஞ்சா அதுலேர்ந்து மூணு கூட்டி இந்தக் கணக்க ரட்சிக்கலாம். ஒரு ராத்திரியில மூணு டிகிரி தன்னாலயும் குறையும், நிங்கள் சொல்லாட்டி நல்ல எண்ணையும் கெட்ட எண்ணையும் பிரிக்க வழியில்ல."

அவர் குரலில் கடுமை இல்லை. சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அப்போது வராந்தாவில் பூட்ஸ் சத்தம். துரை கதவருகே வந்து நின்றார். நாய் அவர் காலடியில் ஈரத்தை உதறியது.

"தெரியாது சார்" என்றேன்.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். பையிலிருந்து பக்கத்து நிலையத்தின் தாள்களை எடுத்துப் பரப்பினார். அவை ஜனவரியிலிருந்துதான் இருந்தன. அதற்கு முன்பு அங்கே கருவி மாற்றியிருந்தார்களாம். "அப்போ ஜனவரி ஒண்ணு முதல்" என்றார். துரையிடம் ஆங்கிலத்தில், கருவியின் கோளாறு, ஆளின் கோளாறு இல்லை என்றார். துரை தலையசைத்துவிட்டுப் போனார்.

வெப்பமானியைக் குமிழ் கீழே இருக்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டித் தட்டி, அந்தச் சொட்டை இறக்கி மற்றதோடு சேர்த்தார் ஆய்வாளர். பிறகு அவர் சொல்லச் சொல்ல, ஜனவரியிலிருந்து ஒவ்வொரு நாளின் எண்ணையும் சிவப்பு மையால் அடித்து மூன்று கூட்டி எழுதினேன். பதினொரு மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்தோம். பியூன் மூன்று தடவை டீ கொண்டுவந்தார். மூன்றாவது தடவை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னத்துக்கு ஐயா எல்லாத்தையும் அடிச்சு அடிச்சு எழுதுதிய?"

"கருவிக்குச் சீக்கு."

"அதான. இந்த வருசம் ரெண்டு பொட்டா வச்சிருவோம்."

ஆய்வாளர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. கடைசி பஸ்சுக்கு அவர் இறங்கிப் போகும்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. பெட்டியைச் சுமந்த கூலியாள் முன்னால் போனான்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களின் எண்களில் எதையும் கூட்டவில்லை. இலாகாவின் அச்சிட்ட அட்டவணையில் அவை நான் எழுதியபடியே இருக்கின்றன.