கார்மேலா சொன்ன பத்தியம்

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் சென்னைத் தம்பதி போன ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிட அழைத்திருந்தார்கள். மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் எங்கள் தெருவில் ஒரு தமிழ் வீடு கூடியிருக்கிறதே என்ற சந்தோஷப் புளுகத்தில், மடிப்புக் கலையாத சட்டை ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு போனேன். வீட்டுக்கார இளைஞர் பெரிய கிளாசில் ஐஸைப் போட்டு, செம்மஞ்சள் நிறத்தில் எதையோ ஊற்றி, சோடாவும் அவர்கள் ஆரஞ்சு என்னும் தோடம்பழத் துண்டும் சேர்த்து என்னிடம் நீட்டினார்.

“அங்கிள், இது இத்தாலியன். கொஞ்சம் கசக்கும், ஆனா இப்ப எல்லாரும் இதைத்தான் குடிக்கிறாங்க. ஆன்ட்டி வரலையா?”

“அவ ரொறன்ரோவில. மகளின்ர பிள்ளையளைப் பாக்கிறா” என்றேன். இந்தப் பதிலை எத்தனை வருடமாகச் சொல்லுகிறேன் என்று யோசித்தபடி கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். முதலில் தோடம்பழத் தோல், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு வேரின் கசப்பு. அவர்கள் வீடு வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேனே தவிர, மனம் நாங்கள் முதலில் குடியிருந்த சென் மிஷேல் பக்கத்து வீட்டின் மாடிப்படியில் ஏறத் தொடங்கியிருந்தது.

மொன்றியலின் மாடிப்படிகள் வீட்டுக்கு வெளியே இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பனிக்காலத்தில் அதில் ஏறி இறங்குவது ஒரு தவம். கீழ்த்தட்டில் வீட்டுச் சொந்தக்காரி கார்மேலா இருந்தார். புருஷனை இழந்த, கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்தாத இத்தாலிக்காரர். மேல்தட்டில் நானும் என் மனைவி றீற்றாவும்.

றீற்றாவின் ஊர் பேசாலை, என் ஊர் இளவாலை. எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு கத்தோலிக்கச் சுவாமியாரும் ஒரு புகைப்படமும். அந்தப் படத்தில் எனக்குத் தலைமயிர் கொஞ்சம் அதிகம். விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்ற என்னைத் தாண்டிப் போய், அங்குமிங்கும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்பி வந்தாள். முதல் மாதங்களில் வீட்டில் பேச்சு மிகக் குறைவு. உப்புக் காணுமோ, போதும். மழை வருமோ, வராது. இரண்டு பேர் இருந்தும் அந்த வீடு நான் தனியாக இருந்த காலத்தை விட வெறுமையாக இருந்தது. தனியாக இருந்தபோது றேடியோவாவது சத்தமாக வைப்பேன்.

நான் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கினேன். அவளுக்கு டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் குசினியில் வேலை கிடைத்தது. பகல் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் ஆசனத்தில் இருந்து சாப்பிடுவதற்குத் தட்டம் அடுக்கிவிட்டு வருவாள். வீட்டில் எனக்குப் போட்டுத் தந்துவிட்டுக் குசினி வாசலில் நிற்பாள். நான் கை கழுவிய பிறகு, அடுப்படியில் நின்றபடியே தான் சாப்பிடுவாள். தாயும் அப்படித்தானாம், மாமியும் அப்படித்தானாம். ஊர் வாசிகசாலையில் பெண்களின் சமத்துவம் பற்றி மேடையேறிப் பேசியவன் நான். மேடையில் யாரும் சோறு பரிமாறுவதில்லை என்பதால் இந்த விஷயம் என் பேச்சில் வராமல் போய்விட்டது. இங்கே ஒன்றிரண்டு தரம் “நீரும் வந்து கதிரையில இரும்” என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்காதது போல மூடியைத் தூக்கிக் கறியைப் பார்ப்பாள்.

அந்த வருட உயிர்த்த ஞாயிறுக்குக் கார்மேலா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். றீற்றா என்ற பெயர் தங்கள் ஊர்ப் புனிதையின் பெயர் என்பதால் அவருக்கு இவள் மீது தனிப் பிரியம். இத்தாலிக்காரர் வீட்டு விருந்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. முதலில் வந்த பாஸ்தா என்ற மாச்சாப்பாட்டையே முழு விருந்து என்று நம்பி நாங்கள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டோம். பிறகுதான் ஆட்டிறைச்சி வந்தது. அதற்குப் பிறகும் ஏதேதோ வந்தன. கடைசியில் றீற்றா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

கார்மேலா அலுமாரியைத் திறந்து ஒரு கறுத்தப் போத்தலை எடுத்தார். கூடவே விரல் உயரக் கிளாசுகள்.

“இதென்ன, மருந்தோ?” என்று றீற்றா என்னிடம் கேட்டாள்.

“மருந்துதான்” என்றேன். போத்தலில் மலையும் துறவியும் படமாக இருந்ததில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் கிளாசை மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். கராம்பு, கறுவா, தோடம்பழத் தோல், பெயர் தெரியாத வேர். முகம் மலர்ந்துவிட்டது. “எங்கட கசாயமெல்லே!” என்றாள். மூக்கைப் பொத்தி, கண்ணை மூடி, ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுக் கார்மேலாவிடம் சீனிக்குக் கையை நீட்டினாள். கார்மேலா சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. போகும்போது மிச்சப் போத்தலையும் தந்துவிட்டார்.

நான் அதை மறந்துவிட்டேன். றீற்றா மறக்கவில்லை. கசாயம் என்றால் விடிய வெறும் வயிற்றில் குடிப்பதுதானே முறை? அடுத்த நாள் ஒரு தேநீர்க் கோப்பையில் பாதியை நிரப்பிக் குடித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அன்று டோர்வலில் அடுக்கப்பட்ட தட்டங்கள் சிலவற்றில் கேக் மட்டுமே இருந்ததாம். மேற்பார்வைப் பெண் இவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பின்னேரம் நான் வந்தபோது மாடிப்படியின் அடியில் குந்தியிருந்து தனியே சிரித்துக்கொண்டிருந்தாள். “இஞ்சருங்கோ, இந்த ஊர் அவ்வளவு மோசமில்லை” என்றாள். வந்த நாளிலிருந்து அவள் ஊரைப் பற்றிச் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

சத்தம் கேட்டு வெளியே வந்த கார்மேலா அவள் வாயை மணந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். பிறகு விரலைத் தூக்கி, தன் உடைந்த பிரெஞ்சில் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“அப்ரே மாஞ்சே! அசீஸ்! ஜமே சேல்!”

“என்ன சொல்லுறா?”

“சாப்பிட்ட பிறகுதான் குடிக்க வேணுமாம். கதிரையில இருந்துதான் குடிக்க வேணுமாம். ஒருநாளும் தனியக் குடிக்கக்கூடாதாம்” என்று மொழிபெயர்த்தேன்.

“அப்ப இதுக்குப் பத்தியம் இருக்கெண்டு முதலே சொல்லியிருக்கலாமே” என்றாள் றீற்றா.

பத்தியத்தை முறிக்கும் வழக்கம் அவள் குடும்பத்தில் இல்லை. அடுத்த நாள் இரவுச் சாப்பாட்டுக்கு மேசையில் இரண்டு சோற்றுக் கோப்பைகள் இருந்தன. எனக்கு எதிர்க் கதிரையை இழுத்து, ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருப்பவள் போல நுனியில் இருந்தாள். “மருந்துக்காகத்தான்” என்றாள். நான் சோற்றைப் பிசையத் தொடங்கினேன். ஏதாவது சொன்னால் எழும்பிவிடுவாளோ என்ற பயம்.

மடமடவென்று விழுங்கக்கூடாது என்றும் கார்மேலா சொல்லியிருந்தார். கசப்பு நாக்கில் ஊறி அடங்கும்வரை எழும்ப முடியாது. எழும்பாத இரண்டு பேர் எவ்வளவு நேரந்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பது? பேச்சுத் தொடங்கிவிட்டது. தகப்பனின் மீன்பிடி வள்ளத்துக்கு எந்தப் புனிதரின் பெயர் வைப்பது என்று வீட்டில் நடந்த சண்டை, கன்னியாஸ்திரி மடத்தில் படித்தபோது மாங்காய் பிடுங்கியது, ஷெல் விழுந்த இரவுகளில் செபத்தின் வரிகள் மறந்து வாய்ப்பாடு சொன்னது எல்லாம் எனக்கு அந்த மேசையில்தான் தெரிந்தது. ஒருநாள் கிளாசைப் பார்த்தபடியே சொன்னாள்:

“வந்த புதுசில உங்களை எனக்குப் பிடிக்கேல்ல.”

“இப்ப?”

மிச்சத்தைக் குடித்து முடித்துவிட்டு, “இப்ப பரவாயில்லை” என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று இரவு நான்தான் கோப்பைகளைக் கழுவினேன்.

இந்தக் குடிவகையின் இத்தாலியப் பொதுப்பெயருக்கே கசப்பு என்றுதான் அர்த்தம். மடங்களில் துறவிகளும் பிறகு மருந்துக்கடைக்காரரும் வேர், பட்டை, பூ, பழத்தோல் எல்லாவற்றையும் சாராயத்தில் ஊறவைத்து, சீனி சேர்த்து, மாதக்கணக்கில் வைத்து எடுத்தார்களாம். ஜென்சியன் என்ற மலைச்செடியின் வேர்தான் கசப்புக்குத் தலைவன். அதனோடு ருபார்ப் கிழங்கு, மாசிபத்திரிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்று, குங்குமப்பூ, வெள்ளைப்போளம். எங்கள் பக்கத்து ஏலமும் கறுவாவும் கடல் தாண்டிப் போய் அதில் சேர்ந்திருக்கின்றன. கொள்ளைநோய்க் காலத்தில் இதை மருந்தென்று விற்றார்கள். அமெரிக்காவில் மதுவைத் தடை செய்தபோதும் மருந்துக்கடையில் இது கிடைத்ததாம். ஆக, றீற்றாவின் தவறைப் பெரிய பெரிய அரசாங்கங்களும் செய்திருக்கின்றன.

கார்மேலா இறந்து வீடு கைமாறியபின் நாங்கள் ரொக்ஸ்பரோவுக்கு வந்தோம். போத்தல் இப்போது அரசாங்க மதுக்கடையிலிருந்து வந்தது. தொண்டையைக் குளிர வைக்கும் கறுப்பு, ஆர்ட்டிசோக் என்ற கூனைப்பூவில் செய்த மண்ணிறம், தேன் போலத் தொடங்கிக் கடைசியில் காலை வாரும் சிசிலித் தீவுச் சரக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். றீற்றா அவற்றுக்குத் தன் வைத்தியப்படி பெயர் வைத்தாள். இது வாய்வுக்கு, இது தலையிடிக்கு, இது மனத்துக்கு. சிலவேளை கோப்பியில் கொஞ்சம் விடுவாள், வெனிலா ஐஸ்கிரீமின் மேலும் ஊற்றுவாள். தவக்காலத்தில் இறைச்சியை விடுவாள், இதை விடமாட்டாள். வீட்டுக்கு வந்த சுவாமியாரிடம் “ஃபாதர், ஒரு மருந்து தரட்டே?” என்று கேட்டு ஊற்றிக் கொடுத்தாள். அவர் இரண்டாம் முறையும் நோயாளியானார்.

மகள் படித்து, கலியாணம் கட்டி, ரொறன்ரோவுக்குப் போனாள். முதல் பேரன் பிறந்ததும் றீற்றா, “ஒரு வருஷம், பிள்ளை நடக்கத் தொடங்கினதும் வந்திடுவன்” என்று புறப்பட்டாள். அவன் நடந்தான், ஓடினான், தம்பியையும் பெற்றுக்கொண்டான். நான் களஞ்சியத்தில் மேசை வேலைக்கு மாறியிருந்தேன். ஓய்வூதியத்துக்குக் கொஞ்சக் காலம் இருந்தது. அதோடு, அங்கே எனக்கென்று ஒரு அறையும் இல்லை.

போன வருடம் உயிர்த்த ஞாயிறன்று ரொறன்ரோவுக்குப் பஸ் பிடித்துப் போனேன். பைக்குள் சட்டை ஒன்றில் சுற்றிய போத்தல். மருமகன் வீட்டில் குடி என்ற சொல்லே ஆகாது. தகப்பனைக் குடியில் பறிகொடுத்த பிள்ளை, அவரை நான் குறை சொல்லமாட்டேன். அது மருந்து என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு துணிவு.

மேசையில் எங்கள் ஐவருக்கும் இடம் இருந்தது. ஆறாவது கதிரையில் துவைத்த உடுப்புகள் மடித்து அடுக்கியிருந்தன. றீற்றா சுற்றிச் சுற்றி வந்து பரிமாறினாள். சின்னவனுக்கு ஊட்டினாள், பெரியவனுக்கு முள்ளெடுத்துக் கொடுத்தாள், எனக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டாள். ஒருவரும் எதையும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. என் மகளும், அந்த ரொக்ஸ்பரோ மேசையில் தாயோடு சமனாக இருந்து சாப்பிட்டு வளர்ந்தவள், பார்க்கவில்லை.

எல்லோரும் எழும்பிய பிறகு குசினிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, சட்டியில் மிஞ்சியதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போத்தலை எடுத்து வைத்தேன். மூடியைத் திறந்து, கண்ணை மூடி ஒருதரம் மணந்துவிட்டு, திரும்ப இறுக்கி மூடினாள்.

“இஞ்ச வேண்டாமப்பா. மருமேன் மனம் நோவார்.”

“அப்ப வீட்டை எப்ப வாறீர்?”

“சின்னவன் பள்ளிக்கூடம் போகட்டும்.” கையைக் கழுவினாள். பிறகு என்னைப் பாராமலே, “அங்க வந்து நான் என்ன செய்யிறது? எனக்கு அங்க ஒரு வேலையும் இல்லையே” என்றாள்.

கதிரையில் இருந்து என்னோடு கதைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சின்னவன் அழ, ஓடிவிட்டாள்.

சென்னைத் தம்பதியின் கிளாசை நான் முடிக்கவில்லை. நன்றி சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பியவர்களிடம் நாளைக்கு வேலை என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். ஓய்வு பெற்று ஆறேழு மாதம் ஆகிறது.

என்னை அவள் விட்டுப் போகவில்லை. அதை யாரும் பிழையாக விளங்கிக்கொள்ளக்கூடாது. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தொலைபேசி எடுக்கிறாள். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம், பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கும் சத்தம்.

“சாப்பிட்டிட்டீங்களோ?” என்று கேட்பாள்.

“ஓம். நீர்?”

“இனித்தான்” என்பாள். எத்தனை மணிக்கு எடுத்தாலும் அதே பதில்தான்.