பாய் விரியாத நிழல்

இசைவாணி வகுப்புக்கு வரும்போது கையில் புத்தகம் இருக்காது, கக்கத்தில் கோரைப்பாய் இருக்கும். விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மரமும் மண்ணும் கொண்டு வெளியிடங்களை வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகளுக்கு அவள்தான் டிசைன் ஆசிரியை. வருஷா வருஷம் ஜூனில் புதுப்பிக்கிற வேலை. அந்தச் சம்பளம் வந்த பிறகுதான் அம்மா சின்னத்தாய் பட்டாசு ஆலைக்குப் போவதை நிறுத்தினாள். புதுப்பிக்கிற கையெழுத்து தாளாளர் சண்முகவேலுடையது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவருக்கே ஒரு பட்டாசு ஆலை உண்டு.

அந்த ஆலையில் நிழலும் பச்சையும் வேண்டும், மாணவர்களே வரைந்து தரட்டும் என்றார் அவர். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? பன்னிரண்டு பேர் வரைந்தார்கள். பன்னிரண்டிலும் குடை விரித்த மரம், அடியில் வழுவழுவென்று வட்ட மேடை!

"தீபாவளிக்கு முந்தி ஆர்டர் குவியும்போது இந்த மேடையில என்ன நடக்கும்?" என்று கேட்டாள் இசைவாணி.

"ரெஸ்ட் எடுப்பாங்க மேம்," என்றாள் ரோஜா என்கிற மாணவி.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கோடு இழுத்தால் வேறென்ன தெரியும்? மறுநாள் இசைவாணி அம்மாவை வகுப்புக்கே கூட்டி வந்துவிட்டாள். சின்னத்தாய் சேலையை விலக்கி இடது கையைக் காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருண்டு கிடந்தது.

"மருந்து ரூமுக்கு இத்தனை பேருதான்னு சட்டத்துல கணக்கு இருக்கு. சீசன்ல லோடு ஏத்தணும்னு மரத்தடியில பாய் விரிச்சு எங்கள உக்கார வச்சாக. பதினோரு பேரு. மருந்து உரசி வெடிச்சிருச்சு. நாலு பேரு வீடு திரும்பல."

சின்னத்தாய் சேலையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

"நெழல் வேணும், ஆளு உக்காரணும். ஆனா அங்கன வேலை செய்ய முடியக் கூடாது," என்றாள் இசைவாணி. "போர்டு வைக்கேன், வாட்ச்மேன் போடுதேன்னு சொல்லாதீக. மண்ணும் மரமுமே தடுக்கணும்."

கல்லூரி மைதானத்து மரங்களுக்கு அடியில் மண்ணைக் கொட்டிச் செய்து பார்த்தார்கள். தேர்வாளர் சின்னத்தாய். பாய் சமமாக விரிந்தால் பெயில். உட்கார்ந்து சாய முடியாவிட்டாலும் பெயில். ஒருவன் முள்செடி நட்டான். "அப்ப நாங்க எங்கன போயி உக்கார, ராசா?" இன்னொருத்தி ஜல்லி பரப்பினாள். "ஆத்தாடி, இடுப்பு போயிரும்!"

ஆறாவது வாரம் ரோஜா மரவரிசையை ஒட்டி ஒடுக்கமான கரை கட்டினாள். இருபுறமும் சரிவு, நடுவில் ஓர் ஆள் காலைத் தொங்கப் போட்டு உட்காரும் அகலம், சரிவின் அடியில் மழைநீர் ஓடும் வாய்க்கால். சின்னத்தாய் பாயை விரித்தாள். பாய் வழுக்கி வாய்க்காலுக்குள் போனது. திரும்ப விரித்தாள், திரும்பப் போனது. பிறகு மரத்தில் சாய்ந்து, தூக்குவாளியை மடியில் வைத்துச் சோறு தின்றாள்.

"பாசுதான்," என்றாள்.

இறுதி மதிப்பீட்டுக்கு வந்த சண்முகவேலுக்கு ரோஜாவின் கரையைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. "எதுக்கு மேடம் இந்தக் கோணல்மாணல்? மேடையே போடச் சொல்லுங்க. பிறகு உங்க ஜூன் வேலை ஆர்டரப் பாப்போம்."

அந்த ஆர்டர் போனால் அம்மா மறுபடி ஆலைக்குக் கிளம்பிவிடுவாள் என்று இசைவாணிக்குத் தெரியும். இருந்தும் பாயை நீட்டினாள். "நீங்களே இதுல விரிச்சுக் காட்டுங்க சார். விரிஞ்சா மேடை வரையச் சொல்லுதேன்."

"விளையாடுதீகளா?"

"எங்கம்மா கையப் பாத்துட்டுச் சொல்லுங்க சார், விளையாட்டான்னு."

அவர் பார்க்கவில்லை. அவர் கண்ணெதிரிலேயே ரோஜாவின் தாளில் முழு மார்க் போட்டுக் கையெழுத்திட்டாள் இசைவாணி.

ஜூனில் ஆர்டர் வரவில்லை. "நான் பழையபடி வேலைக்குப் போறேன்," என்று கிளம்பிய அம்மாவை அதட்டி உட்கார வைத்துவிட்டு, வேறு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது ரோஜா போன் செய்தாள்.

"மேம், புது சார் மேடை வரையச் சொன்னாரு. தீபாவளிக்கு முந்தி அங்க என்ன நடக்கும்னு கேட்டோம். அவருக்குத் தெரியல. யாருமே வரையல மேம்."

இசைவாணி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் மேம், உங்க பாய மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்க."

"மறக்கல," என்றாள் இசைவாணி. "அது அங்கனயே கெடக்கட்டும்."