தண்ணீர் வலது கைப் பக்கம்

டூர் மேனேஜர் உத்தியோகம் என்பது ஓயாமல் தலை எண்ணுகிற உத்தியோகம். நாலு சொந்தக்காரர்களைத் திருப்பதிக்குக் கூட்டிப் போய், பஸ் கிளம்பும் நேரத்தில் ஒருவரைக் காணாமல் தவித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என் கதையும் அதேதான், ஊர் மட்டும் ஐரோப்பாவின் பிராக். சேலையூர் கேம்ப் ரோட்டில் இருக்கும் எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களை அங்கே கூட்டிப் போயிருந்தேன்.

பாலத்தில்

பிராக்கில் ஒரு பழைய கல் பாலம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சிலைகள், எதிரே குன்றின் மேல் கோட்டை, கீழே ஆறு. எல்லோரும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது எண்ணிப் பார்த்தேன், ஒரு தலை குறைந்தது. சிட்லபாக்கம் ராமநாதன் சார், பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். பாலத்தின் மறுகோடியில் கையை வீசிக்கொண்டு, ஒரு சிலையையும் ஏறிட்டுப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, “சார், கொஞ்சம் நின்னு பாருங்களேன்” என்றேன்.

“நின்னு நின்னு பார்த்தா அது வாக்கிங் ஆகாதும்மா.”

காலி நாற்காலி

மறுநாள் ஊர் திரும்பும் நாள். டிபன் முடிந்ததும் ஏர்போர்ட். ராமநாதன் சாரின் மனைவி வசந்தாம்மா தனியாக வந்து உட்கார்ந்தார். விடியற்காலையில் வாக்கிங் போனவர் இன்னும் வரவில்லையாம். செல்ஃபோன் ரூமில் சார்ஜில் கிடந்தது. சுகர்காரர், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிளம்பியிருக்கிறார்.

ஹோட்டல்காரப் பெண் போலீசுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்துத் தெருக்களில் ஓடிப் பார்த்தேன். முந்தின நாள் ரசித்த சந்துகளெல்லாம் இப்போது ஒரே மாதிரி இருந்து என்னைப் பயமுறுத்தின. திரும்பி வந்தால், பெட்டிகள் பஸ்ஸில் ஏறியாகிவிட்டது. படப்பையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் செல்வம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஒருத்தருக்காக எல்லாரும் ஃப்ளைட்ட வுட முடியுமா?”

வசந்தாம்மா சொன்னது

அது வசந்தாம்மா காதிலும் விழுந்துவிட்டது. “நீங்கள்லாம் கிளம்புங்கம்மா, நான் இருந்து அவரைக் கூட்டிட்டு வரேன்” என்று தன் பெட்டியை இறக்கச் சொன்னார். பாஷை தெரியாத ஊரில் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போவதா? கோபமும் அழுகையும் எனக்குச் சேர்ந்து வந்தது. அடக்கிக்கொண்டு, “ஊர்ல சார் எந்தப் பக்கம் நடப்பார்? யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்று கேட்டேன்.

“ஏரியைத்தான் சுத்துவார். தண்ணி வலது கைப் பக்கம் இருக்கிற மாதிரி நடந்தா, கண்ணை மூடிக்கிட்டே வீட்டுக்கு வந்துடலாம்னு சொல்வார்.”

பெஞ்ச்

ஹோட்டல் வாசலிலேயே ஆறு, கரையோரம் நல்ல நடைபாதை. ஏரி என்றால் சுற்றிக் கொண்டுவந்து விடும், ஆறு எங்கே விடும்? டிரைவரைக் கெஞ்சிக் கூத்தாடி, தண்ணீர் வலப்பக்கம் வருகிற மாதிரி கரையோரமாகவே பஸ்ஸை விடச் சொன்னேன். கோபுரங்களெல்லாம் பின்னால் போய், வெறும் மரங்களாக வரத் தொடங்கின. எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

“அதோ கீறாரு” என்று முதலில் எழுந்தவர் செல்வம்தான். ராமநாதன் சார் ஒரு பெஞ்சில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். சுகர் இறங்கிப்போயிருந்தது. செல்வம் இறங்கி ஓடி, அவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றி, தன் பையிலிருந்த மைசூர்பாக்கை ஊட்டிவிட்டார். கொஞ்சம் தெளிந்ததும் சார் என்னைப் பார்த்து, “ஆறுன்னு தெரியும்மா. அதுவும் எங்கேயாவது திரும்பித்தானே ஆகணும்னு நடந்துட்டேன்” என்றார்.

ஃப்ளைட்டைப் பிடித்துவிடலாம் என்று டிரைவர் சைகை காட்டினார். வசந்தாம்மா புடவைத் தலைப்பால் கணவரின் முகத்தைத் துடைத்துவிட்டார். ஏர்போர்ட் வாசலில் இறங்கும்போது அவரிடம் சொன்னார்.

“இனிமே என்னையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க. தொலைஞ்சாலும் ரெண்டு பேருமா தொலையலாம்.”

பிராக்கின் சரித்திரத்தையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு ஒப்பித்த நான், ஆறு சுற்றி வராது என்ற ஒன்றை மட்டும் யாருக்கும் சொல்லித் தரவில்லை பாருங்கள்.