பன்னிரண்டாம் எண்ணில் ஆடிய யேசுராஜ்

நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை பந்தாடப் போகிறீர்கள். மைதானத்தில் உங்கள் முட்டி போய்விடுகிறது. அந்த முட்டி யாருடையது?

யேசுராஜுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. நான்கு மாதமாக குவைத்தில், மங்காஃப் கேம்ப்பின் ஒரு கீழ்க்கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். வலிக்கிறதா என்று கேட்டால், "வலிச்சா நல்லதுல்லா, ஒண்ணுமே தெரியல்ல" என்கிறார்.

குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். வயது முப்பத்து நான்கு. பைப் வெல்டராக 2001-இல் வந்தார். ஏழு வருடமாகக் கம்பெனி அணியில் முன்வரிசையில் ஆடினார். அவர் அடித்த கோல்களில் வந்த நான்கு கோப்பைகள் மேனேஜரின் அறையில், கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றன. ஆடியவர்கள் யாரும் அந்த அறைக்குள் போனதில்லை.

சென்ற ஆண்டு சைட்டுக்கு மொரிட்டா என்ற ஜப்பானியர் வந்தார். வெல்டிங்கைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர். ஒரு மதிய இடைவேளையில், கிழிந்த கையுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கி யேசுராஜ் காலில் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து இருவரும் ஒரே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதி ஆங்கிலம், பாதி இந்தி, மீதி கையசைவு. பேச்சு முழுக்க மொரிட்டாவின் ஊர் கிளப்பைப் பற்றியே இருந்தது.

தோமிசே என்ற சிறிய துறைமுக ஊர். ஐம்பதுகளில் அங்கே கப்பல் கட்டும் தொழிற்சாலையின் வெல்டர்கள் ஒரு பந்தாட்ட அணி தொடங்கினார்கள். ஷிஃப்ட் முடிந்து, கரி படிந்த முகத்தோடு ஆடுவார்கள். மொரிட்டாவின் தந்தை அந்த அணியின் பின்வரிசையில் நின்றவர். சட்டையில் கம்பெனியின் பெயர்தான் இருந்தது. தொண்ணூறுகளில் சம்பள ஆட்டக்காரர்களின் பெரிய லீக் வந்தபோது, கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டு ஊர்ப் பெயரை வைத்தார்கள். சில வருடங்களில் வியாபாரம் படுத்தது. கம்பெனி கைவிரித்தது. அணி கலைக்கப்படும் என்ற செய்தியை ஆட்டக்காரர்களே பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஊர் விடவில்லை. மீன் விற்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வேலை போன வெல்டர்கள் எல்லோரும் சந்தா கட்டினார்கள். அணி கீழ் லீக்குக்கு இறங்கியது. இன்றும் பெரும்பாலும் தோற்கிறது. ஆனால் அந்தக் கிளப்பில் பன்னிரண்டாம் எண்ணை எந்த ஆட்டக்காரருக்கும் கொடுப்பதில்லை. களத்தில் பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள் ஊர். அந்தச் சட்டை வெளியே நிற்கிறவர்களுக்கு.

வேலை முடிந்து ஊர் திரும்பும்போது மொரிட்டா தன் பன்னிரண்டாம் எண் சட்டையை யேசுராஜிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆரஞ்சு நிறம்.

மார்ச் மாதம் கம்பெனி அணிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். முதல் பாதியில் யேசுராஜ் ஒரு கோல் அடித்தார். இடைவேளைக்குச் சற்றுமுன் எதிரணிக்காரன் ஒருவன் பிடித்து இழுத்ததில் அவருடைய சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. மாற்றுச் சட்டை இல்லை. கம்பெனி எண்ணிப் பதினொன்றுதான் வாங்கியிருந்தது. பைக்குள் ஆரஞ்சுச் சட்டை இருந்தது.

கோல்கீப்பர் கௌஸ் முகம்மது, காயல்பட்டினத்துக்காரர், அணியில் எல்லோருக்கும் அவர் 'காக்கா', அதாவது அண்ணன், பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்ப்பா, அது வெளிய நின்னு கைதட்டுறவன் போடுறதுன்னு நீதானே சொன்னா?"

"வேற துணி இருந்தா தாங்க காக்கா. இல்லேன்னா வெறும் மேலோட ஓடவா?"

"வேணாம் ராசா, அந்த வயித்தப் பாத்து ரெஃபரி விசில முழுங்கிருவான்."

நடுவர் தலையாட்டினார். ஆட்டம் தொடர்ந்தது. இரண்டாம் பாதியின் பத்தாவது நிமிடம் யேசுராஜ் திரும்பி ஓடும்போது கால் ஒரு கல்லில் மாட்டியது. உடல் திரும்பியது; முட்டி திரும்பவில்லை. அவரைத் தூக்கி ஓரத்தில் கிடத்திவிட்டு மற்றவர்கள் ஆடி, ஒன்றுக்குச் சுழி என்று ஜெயித்தார்கள்.

தசைநார் அறுந்துவிட்டது, ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். அந்தச் செலவைக் கேட்டு யேசுராஜ் கம்பெனியின் அட்மின் அதிகாரி சேதுராமனிடம் போனார். சேதுராமன் மேசைமேல் அன்றைய ஆட்டத்தில் எடுத்த ஒரு போட்டோவைத் திருப்பி வைத்தார்.

"பாருங்க யேசுராஜ். இது நம்ம ஜெர்சியே இல்லை. ஏதோ ஜப்பான் டீமோடது. அப்ப நீங்க நமக்காக ஆடலையே?"

"கோல் போட்டது நானாக்கும் சார். கப் உங்க ஆஃபீஸ்ல இருக்கு."

"அது ஃபர்ஸ்ட் ஹாஃப்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லையாம். இன்னொரு தாளும் தயாராக இருந்தது. சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு ஊர் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் டிக்கெட் கிடைக்கும். யேசுராஜ் போடவில்லை. கோபப்பட்டும் பேசவில்லை. "நாளைக்கு வாரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வந்து படுத்துக்கொண்டார். மனைவி ஜெஸ்மி ஃபோனில் சுகமா என்று கேட்கிறார். சுகம் என்கிறார். ஜெஸ்மிக்கு முட்டி விஷயம் இன்னும் தெரியாது.

கேம்ப்பில் பேச்சு வேறு மாதிரி ஓடுகிறது. ஆடுகிறவன் போடக் கூடாத எண்ணைப் போட்டான், அதுதான் அடித்துவிட்டது என்கிறார்கள். சட்டையை எரித்துவிடு என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். சட்டை முட்டியை அறுக்காது ஐயா. கல் அறுத்தது. கோப்பைக்குக் கண்ணாடி அலமாரி செய்யப் பணம் வைத்திருந்த கம்பெனிக்கு மைதானத்தில் கல் பொறுக்க ஓர் ஆளைப் போட மனம் வரவில்லை. ராசியைக் குற்றம் சொல்கிறவர் ஒவ்வொருவரும் சேதுராமனின் வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்கிறார்.

ஜப்பான் நீதிக்குப் பிறந்த நாடு என்று சொல்ல வரவில்லை. தோமிசேயில் கைவிரித்ததும் ஒரு கம்பெனிதான். அங்கே வெளியே நின்றவர்கள் கைதட்டியதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வரும் புதன்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் யேசுராஜின் புகார் விசாரணைக்கு வருகிறது. இரண்டு பாதியிலும் அவர் கம்பெனி அணிக்காகத்தான் ஆடினார் என்று சொல்ல மூன்று சாட்சிகள் வேண்டும். கௌஸ் முகம்மது எழுதிக் கொடுத்துவிட்டார். மற்ற ஒன்பது ஆட்டக்காரர்களும் விசா புதுப்பிக்க வேண்டியிருக்கிறது என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அவர்களை நான் திட்ட மாட்டேன். அவர்களுடைய பாஸ்போர்ட் கம்பெனியின் பெட்டிக்குள் இருக்கிறது.

ஆனால் அன்று மைதானத்தைச் சுற்றி இருநூறு பேர் நின்றீர்கள். ஃபர்வானியாவிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் உண்டு. உங்களில் பலர் வேறு கம்பெனி, வேறு கஃபீல் கொடுத்த விசாவில் இருப்பவர்கள். கண்ணால் பார்த்ததை நான்கு வரியில் எழுதுங்கள். உங்கள் பெயரையும் சிவில் ஐடி எண்ணையும் போட்டுக் கையெழுத்திடுங்கள். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் மங்காஃப் கேம்ப் பதினான்காம் அறையில் கௌஸ் முகம்மதுவிடம் கொடுங்கள். இன்னும் இரண்டு பேர் போதும்.