பாஞ்சாலை மடியில் கட்டிய சூடு

நுரையீரலில் சளி கட்டி மலை ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் தேயிலைத் தோட்டத்துப் பாஞ்சாலையின் வாய் மட்டும் படுக்கவில்லை. மூக்கில் செருகிய குழாய் வழியே, ஆக்சிஜன் கலந்த சூடான ஈரக்காற்றை ஒரு மெஷின் வேகமாக ஊதிக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்னைவிட மூச்சு அதிகம் லா," என்று நர்ஸ் தவமலரிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்த பாவத்துக்கு இருமினாள்.

மத்தியானம் மழை பிடித்தது. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு இறங்கியது. மெஷினும் கீச்சிட்டது. தவமலர் ஆக்சிஜனைக் கூட்டிப் பார்த்தாள், பலனில்லை. டாக்டர் வந்தார். "ஏறலேன்னா ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, தொண்டைக்குள்ள டியூப் போடணும்."

பாஞ்சாலையின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. தொண்டையில் குழாய் என்றால் பேச முடியாதே!

தவமலர், பாஞ்சாலையின் மூக்கிலிருந்து குழாயைத் தடவிக்கொண்டே போனாள். அது போர்வைக்குள் நுழைந்தது. போர்வையைத் தூக்கினால், குழாய் இரண்டாக மடிந்து, இடுப்பில் கட்டிய சாரோங் மடிக்குள் இறுகக் கிடந்தது. மழை நாளில் சுடுதேத்தண்ணிப் போத்தலை மடியில் கட்டிக்கொண்டு மலை ஏறுவது தோட்டத்து லயத்துப் பெண்களின் வழக்கம்.

"அக்கா! என்ன வேல இது?"

"குளிருது. பைப்பு சூடா, சும்மாதானே தொங்குச்சு..."

"கொழுந்து வெட்டுற மெஷினுக்கு நீங்கதானே பை புடிக்கிறீங்க? பை மடங்குனா என்னாவும்?"

"ஊதற காத்து முட்டிக்கும். கொழுந்து உள்ள போவாது." சொன்னவள் அப்படியே விழித்தாள். "ஐயையோ! இதுக்குத்தானே கூட பை புடிக்கிற சாமிநாதன அந்தத் திட்டு திட்டுவேன்!"

"அதேதான். மடிப்புல முட்டி, குழாய்க்குள்ள அழுத்தம் ஏறுது. மூக்குக்கு வர்ற காத்து குறையுது. ஒங்க மூச்சுக்கு அது பத்தாம வெளிக்காத்தையும் சேத்து இழுக்குறீங்க. நான் எவ்ளோ ஆக்சிஜன் கூட்டுனாலும் தண்ணி கலந்த பால்தான்."

மடியை அவிழ்த்ததும் மெஷின் அடங்கியது. அளவு மெல்ல மெல்ல ஏறியது. சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டு, "ஈப்போ வேணாம், இங்கயே இருக்கட்டும்," என்றார்.

ஈப்போ போவதற்கென்றே நல்ல சட்டையும் துணிப்பையுமாக வெளியே காத்திருந்த கணவர் ராதாகிருஷ்ணன் பதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஒன்னும் ஆவலங்க. வீட்டுக்குப் போயி சட்டைய மாத்திட்டு கோழிய அடைங்க. நாளைக்கு வர்றப்ப பெரிய கம்பளியா கொண்டாங்க. இங்க மடியில ஒன்னும் கட்டக்கூடாதாம் லா!"