ஒரு பெட்டி சிடியும் மச்சானின் கிளிகளும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சிடி போடுகிற மெசின் என் வீட்டில் இல்லை. ஆனாலும் இன்று புளியந்தீவுப் பழைய சாமான் கடையில் ஒரு பெட்டி நிறையப் பாட்டுச் சிடி வாங்கினேன்.

எல்லாம் மச்சானுக்காகத்தான்.

நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, வருசக்கணக்காய் நான் சேர்த்த சிடிகளை என் மனைவியிடம், அதாவது தன் தங்கச்சியிடம், வாங்கிப் போய் உன்னிச்சை நெல் வயலில் வெயிலுக்கு மினுங்கிக் கிளி வெருட்டத் தொங்கவிட்டவர் அவர். கேட்டதற்கு, "இப்ப எல்லாப் பாட்டும் போனில இருக்குத்தானே மச்சான்" என்று சிரித்தார்.

இன்று கடைக்குள் நுழைந்தால் அவரே நின்று அந்தப் பெட்டிக்கு விலை பேசுகிறார். அவர் கேட்ட விலைக்கு மேலே கொடுத்துப் பெட்டியைத் தூக்கினேன்.

"மச்சான், பாதியெண்டாலும் தாங்க. உங்கட சிடி மட்டும் காணாது. கதிர் முத்துது, கிளி கூட்டமா வந்து விழுது."

"போனில பாட்டுப் போட்டு வெருட்டுங்க மச்சான். எல்லாம் அதுக்குள்ள இருக்குத்தானே."

கடைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார்.

கல்லடிப் பாலத்தில் வரும்போது மனைவியிடமிருந்து போன் வந்தது. பெட்டியைப் பாலத்துக் கைப்பிடியில் வைத்துவிட்டுப் பேசினேன்.

"அண்ணனோட என்ன சண்டை?"

விளக்கமாகச் சொல்லக் கையை வீசினேன். பெட்டி வாவிக்குள் போனது.

வாவியில் இப்போது ஒரு கிளியும் இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.