நார்த்தாமலை மிருகம்

என் ஒன்பதாவது வயதில், ஒரு காலை நேரம் முழுவதும், நார்த்தாமலையில் எருமைக்கடா உயரத்துக்கு ஒரு மிருகம் திரிகிறது என்று நான் மனதார நம்பினேன். ஆறு கால். கழுத்து கிடையாது. கால் நுனி ஒவ்வொன்றிலும் கருக்கரிவாள் போல ஒரு நகம். யாரும் கதை சொல்லி என்னை ஏமாற்றவில்லை. போட்டோவில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

எடுத்தவர் என் தாய்மாமா. அன்னவாசலில் எங்கள் வீட்டோடு தங்கிப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால் கேமராவைத் துடைக்கப் போய்விடுவார். அந்த மாதம் முழுக்க சைக்கிளில் நார்த்தாமலை போய்ப் பாறை பாறையாகப் படம் எடுத்து வந்தார். அதனால் மாமா படத்தில் வறண்ட தரை தெரிந்தால் அது நார்த்தாமலைதான் என்பது என் முடிவு. யுத்த காலம், படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டு கடையில் கிடைக்கவில்லை. மிச்சமிருந்த கடைசிப் பிளேட்டில் எதையோ எடுத்து, புதுக்கோட்டை ஸ்டுடியோவில் முறம் அகலத்துக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பள்ளிக்கூடம் போய்விட்டார்.

மேடும் பள்ளமுமாக வெடித்த தரை. இலையில்லாத மூன்று மரங்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அதில் ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி, தலையைத் தரையில் அழுத்திக்கொண்டு அந்த மிருகம். வயிறு கண்ணாடி போலிருந்தது, உள்ளே கறுப்பாக என்னவோ. ஆடு என்று தீர்மானித்தேன். நடுக்கத்திலும் ஒன்று தெரிந்தது: அத்தனை அழகான படத்தை நான் பார்த்ததே இல்லை. அதன் உடம்பு மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். எண்ணினேன். பதினேழாவதில் ஞாபகம் வந்தது. கிணற்றுக்குக் கல் ஏற்றிவர அப்பா நார்த்தாமலைக்கு வண்டி பூட்டிக்கொண்டு இப்போதுதான் கிளம்பினார்!

ஒரு கையில் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஊர் எல்லையில் வண்டியை மறித்து மாட்டுக் கயிற்றில் தொங்கினேன்.

"போகாதீங்கப்பா! ஆட்ட முழுங்கிட்டு நிக்கிது! அடுத்தது நீங்கதான்!"

"எதுடா?"

"பேரு தெரியலப்பா. மாமா போட்டோ புடிச்சிருக்காரு."

வெறும் பேச்சென்றால் ஓர் அறையோடு முடித்திருப்பார். போட்டோ என்றதும் வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தவர் ஓர் எட்டுப் பின்வாங்கினார்.

"கல்லு எங்கிட்டும் ஓடிப் போயிறாது. நாளைக்குப் பாத்துக்குவோம்" என்று மாட்டை அவிழ்க்கப் போனார். அப்பாவின் உயிரைக் காப்பாற்றியவன் என்ற தோரணையில் நான் அம்மாவிடம் கூடுதலாக ஒரு தோசை கேட்டு வாங்கினேன்.

மத்தியானம் மாமா வந்ததும் அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ள, இது மலைக்கு எந்தப் பக்கம்?"

மாமா படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "மச்சான், இது பேனுங்க. ஒங்க மகன் தலையிலேர்ந்து எடுத்தது."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "ஒரு பேனுக்குப் பயந்தா வண்டிய அவுத்தீங்க?"

"மாட்டுக்கு லாடம் தேஞ்சிருக்கு" என்றார் அப்பா. மாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நான் விடவில்லை. "பேனு சரி மாமா. அது நிக்கிற தரை எந்த ஊரு?"

மாமா இடது சட்டைக் கையைச் சுருட்டினார். மணிக்கட்டுக்கு மேலே சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி.

"இந்த ஊருதான்டா."

"அரிக்குதா மாமா?"

"லேசா."

அதோடு நான் விளையாடப் போய்விட்டேன். அந்தப் புள்ளி ஏன் வந்தது என்று கேட்கத் தோன்ற எனக்குப் பல வருஷம் ஆனது.

நடந்தது இதுதான். பேன் ஓரிடத்தில் நிற்காது, இரத்தம் குடிக்கும்போது மட்டும் நிற்கும். அத்தனை கிட்டத்தில் படம் பதிய, இருபது எண்ணும்வரை லென்ஸ் திறந்திருக்க வேண்டும். மாமா தன் கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டி, பேனை அதன்மேல் விட்டு, அது கடிக்கும்வரை காத்திருந்து, மற்றக் கையால் மூடியைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு இருபது எண்ணியிருக்கிறார்.